பாத்த வரைக்கும்

சட்டைப் பையிலிருந்து பேனா. அதற்குப் பின்னாலிருந்து சீப்பு. வேட்டி மடிப்பிலிருந்து கைப்பேசி, வீட்டுச் சாவி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, "அஞ்சு" என்கிறார் திருஞானசம்பந்தம். நானும் "அஞ்சு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த வேலை. பிறகு மூக்குக்கண்ணாடியின் இரண்டு கைகளையும் இணைத்துத் தொங்கும் பட்டுக் கயிற்றைப் பின்னந்தலையில் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொள்கிறார். இத்தனை ஆர்ப்பாட்டமும் எதற்கு என்றால், எதிர்வீட்டுப் பெரியநாயகி அம்மாள் தரைத்தொட்டிக்குள் கரண்டியைத் தவறவிட்டுவிட்டார். அதை எட்டிப் பார்ப்பதற்கு.

குனிந்தவர் உடனே நிமிரவில்லை. டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து இடமிருந்து வலமாக ஒரு முறை, வலமிருந்து இடமாக ஒரு முறை பார்த்தார். "கரண்டி வடக்கு மூலைல இருக்குது. பக்கத்துலயே ஒரு டம்ளர் இருக்குது, அது எந்த வருஷத்துது?" என்றார். பெரியநாயகி அம்மாளின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அந்த டம்ளருக்காக அவர் மாடி வீட்டுக்காரியோடு மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார். சம்பந்தத்துக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டாம். என்னிடமிருந்து ஐந்து சாமானையும் எண்ணி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

தெருவில் எல்லாரும் இதைக் கிறுக்கு என்கிறார்கள். எனக்கும் இரண்டு வீடு தள்ளிக் குடிவந்த புதிதில் அப்படித்தான் தோன்றியது. இது கிறுக்கு அல்ல, உத்தியோகம். கடலோரத்தில் இருக்கும் ஒரு அணுமின் நிலையத்தில், உலைக்குள் எரிந்து முடித்து வெளியே வரும் எரிபொருளைப் பரிசோதிப்பது அவருடைய வேலை. இருபத்தாறு வருஷமாக அதே வேலை. விடிவதற்குள் அலுவலக வண்டியில் ஏறினால் இருட்டும் நேரத்துக்கு எங்கள் பிள்ளையார்பாளையம் திரும்புவார். நிலையத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பு தருகிறார்கள். காந்தாவின் தறியைக் கழற்றி அங்கே கொண்டுபோய்ப் பூட்ட முடியாது என்பதால் இவர்தான் தினமும் போய் வருகிறார். காந்தா அவருடைய மனைவி. தெருவிலேயே கை சுத்தமான நெசவுக்காரர் என்று பெயர் வாங்கியவர்.

எரிபொருள் என்றதும் நான் கரியையோ எண்ணெயையோ நினைத்துக்கொண்டேன். அவர் கையால் அளந்து காட்டினார். ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதலான நீளம். சுண்டுவிரல் பருமனில் பத்தொன்பது உலோகக் குழாய்கள், இரண்டு முனையிலும் தகடு வைத்துச் சேர்த்த கட்டு. நிலையத்தில் அதைப் பண்டல் என்கிறார்கள். ஒவ்வொன்றின் முனைத் தகட்டிலும் அதற்குரிய எண் பொறித்திருக்கும். உலைக்குள் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்துவிட்டு வெளியே வந்ததும் அதை ஆழமான குளத்தில் இறக்கிவிடுகிறார்கள். அதன் சூடும் கதிர்வீச்சும் தணிய வருஷக்கணக்காகும். அதுவரை தண்ணீர்தான் காவல்.

அந்தக் குளத்துக்கு மேலே நின்று, நீண்ட கழியில் பொருத்திய கேமராவை உள்ளே இறக்கி, திரையில் தெரிவதைப் பார்த்துச் சொல்வதுதான் சம்பந்தத்தின் வேலை. கீறல், நசுங்கல், உராய்ந்த தடம், முடி பருமனில் வெடிப்பு. கசியக்கூடியது எது என்று கண்டுபிடித்தால் அதைத் தனியே பிரித்துப் பத்திரப்படுத்தலாம். எங்கே தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தால், உலைக்குள் இன்னும் எரிந்துகொண்டிருக்கும் மற்றவை எப்படி இருக்கும் என்று கணக்குப் போடலாம். குளத்தருகே போகிறவர் பையில் ஒன்றும் இருக்கக் கூடாது, முகத்தில் இருக்கும் கண்ணாடிகூடக் கயிற்றில்தான் இருக்க வேண்டும். ஒரு பேனா மூடி தவறி விழுந்தால் அதை எடுக்க ஒரு வாரம், அதற்கு அறிக்கை எழுத ஒரு மாதம் என்றார். அறிக்கை எழுதும் மாதத்தைச் சொல்லும்போதுதான் அவர் குரலில் பயம் தெரிந்தது.

தெருவில் அவரிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. ராத்திரியில் உங்கள் உடம்பு மினுங்குமா என்பது ஒன்று. அதற்கு அவர் காந்தாவைக் கைகாட்டிவிடுகிறார். எதற்காக அதைப் போய்த் தண்ணீருக்குள் வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. "அத்தி வரதரையே நாப்பது வருஷம் தண்ணிக்குள்ள வெச்சிருக்கற ஊர்ல பொறந்துட்டு, இத எங்கிட்ட வந்து கேக்கறியேப்பா" என்பார்.

புதிதாகக் குளத்துக்கு வந்த பண்டலைச் சுற்றி ஒரு நீல வெளிச்சம் இருக்குமாம். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதருக்குக் காப்பி ஆறிப்போவதுகூடத் தெரியாது. அந்த நீலத்தில் காந்தாவுக்கு ஒரு சேலை வேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டிருக்கிறார். சாயப்பட்டறைக்குப் போய், சாயம் காய்ச்சுகிறவர் பக்கத்திலேயே நின்று, இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும், இல்லை இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று உயிரை வாங்கியிருக்கிறார். ஏழாவது முறை அந்த மனிதர், நீங்கள் பார்த்த நீலத்தை இங்கே ஒரு சீசாவில் பிடித்து வாருங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். அதோடு அந்த ஆசை முடிந்தது.

சம்பந்தத்தின் வாயிலிருந்து வராத வாக்கியம் ஒன்று உண்டு. எதைப் பற்றியும் குறையே இல்லை என்று அவர் சொல்லமாட்டார். "பாத்த வரைக்கும் ஒண்ணும் தெரியல" என்பார். அவ்வளவுதான். நிலையத்துப் பதிவேட்டில் அப்படித்தான் எழுதுகிறாராம். அங்கே அது சரி. வெளியே அதனால் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், பையன் எப்படி என்று பெரியவர்கள் கேட்க, சபை நடுவே இதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் பார்க்காததில் என்ன இருக்கிறது என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து நின்றுவிட்டார். தட்டு மாற்றுவது அரை மணி நேரம் தள்ளிப்போனது. இவர் மட்டும் தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று கடைசி வரை விழித்துக்கொண்டே இருந்தாராம்.

தரைத்தொட்டியைப் பார்த்தது போலவே எதையும் இரண்டு முறை பார்ப்பார். அதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. "மொத தபா மனசு பாக்கும் சார். இருக்கணும்னு நெனைக்கறது தெரியும். ரெண்டாவது தபாதான் கண்ணு பாக்கும்." இதை அவர் சொன்ன நாளிலிருந்து நானும் எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்க்கிறேன். இரண்டாவது முறையும் என் மனசுதான் பார்க்கிறது போலிருக்கிறது, பிழைகள் அப்படியே அச்சாகி வருகின்றன.

வீட்டிலும் இதே சட்டம்தான். காந்தா ஒரு சேலையை முடித்தால், நெசவாளர் சொசைட்டிக்குப் போவதற்கு முன் அது இவர் கண்ணில் பட்டாக வேண்டும். அவருடைய லீவு நாளில், காலை வெயில் கூடத்துக்குள் வரும் நேரம். மூங்கில் கழியில் சேலையைப் போட்டு, ஒரு முனையைக் காந்தா பிடித்துக்கொள்ள, இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். எங்கோ ஒரு இழை அறுந்து விட்டுப்போயிருந்தால், காந்தா மூச்சு விடுவதற்குள் விரல் அங்கே போய் நிற்கும். காந்தா அதற்கு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சொசைட்டியில் நாலு பேர் எதிரில் காட்டுவதற்கு வீட்டிலேயே காட்டிவிடுவது மேல் இல்லையா என்பார்.

கண்ணை வைத்துப் பிழைப்பவர் என்பதால் அந்தக் கண்ணுக்கும் வருஷத்துக்கு ஒரு பரிசோதனை உண்டு. நிலையம் அங்கீகரித்த சின்னக் கண் மருத்துவமனை ஒன்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஒரு படிவம் தருவார்கள். வலக்கண்ணுக்கு ஒரு கட்டம், இடக்கண்ணுக்கு ஒரு கட்டம். இரண்டிலும் டிக் விழுந்தால்தான் அடுத்த ஒரு வருஷம் குளத்தருகே உட்காரலாம். பரிசோதனை என்பது ஒரு பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையைப் படிப்பது. மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்னது, கடைசிப் பத்தி எறும்பு ஊர்வது போல இருக்கும்.

இருபத்தாறு வருஷமாக அதே அட்டை. ஒரு நாள் டீக்கடையில் நின்றுகொண்டு, கண்ணை மூடியபடி அந்தக் கடைசிப் பத்தியை எனக்கு ஒப்பித்துக் காட்டினார். காலையில் மழை பெய்தது. குப்பன் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். கடையில் வெல்லம் இருந்தது, மிளகு இல்லை. வழியில் இரண்டு கோழிகள் நனைந்துகொண்டு நின்றன. "நான் சர்வீஸ்ல சேந்ததுலேர்ந்து அந்த ரெண்டு கோழியும் நனைஞ்சுக்கினேதான் சார் நிக்குது. ஒருத்தரும் உள்ள கூப்புடல" என்றார். டீக்கடையில் சிரிக்காதவர் இல்லை. நானும் சிரித்தேன். அதை இங்கே எழுத வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன், அதில் வேறொன்று இருக்கிறது என்று அன்றைக்குத் தெரியாது.

பொங்கல் கழிந்த கையோடு சம்பந்தத்துக்குக் கழுத்து வலி வந்தது. திரைக்கு எதிரே நிமிர்ந்து உட்கார முடியவில்லை என்று சொல்லி, தன் நாற்காலியைக் கூட வேலை பார்க்கும் மணிவண்ணனுக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிற வேலையை எடுத்துக்கொண்டார். வீட்டில் காந்தா தினமும் சாயங்காலம் எண்ணெய் காய்ச்சிக் கழுத்தில் தேய்த்தார். இவரும் சரியான இடத்தில் "ஆ" என்றார். பத்து நாளாகியும் குறையவில்லை. எலும்பு நோவு என்றால் எங்கள் பக்கத்தில் மாகறல் சிவன் கோயிலுக்குப் போவதுதான் வழக்கம். திங்கட்கிழமை லீவு போட வைத்துக் காந்தா அவரை டவுன் பஸ்ஸில் ஏற்றினார். இவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்த நானும் தொற்றிக்கொண்டேன்.

சந்நிதியில் கூட்டம் இல்லை. காந்தா அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து, கழுத்து வலி தீர வேண்டும் என்று குருக்களிடம் வாய்விட்டுச் சொன்னார். சம்பந்தம் கைகூப்பி நின்றவர், கண்ணை மூடவே இல்லை. திருநீற்றை வாங்கிக் கழுத்தில் பூசப் போனபோது கை பாதியில் நின்றுவிட்டது. பிரகாரத்துக்கு வந்து நிழலில் உட்கார்ந்ததும், "கழுத்துல ஒண்ணுமில்ல காந்தா" என்றார்.

காந்தாவுக்கு ஆச்சரியமே இல்லை. தேங்காய் மூடியை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டே, "எனுக்குத் தெரியும். எலும்பு நோவுக்குத்தான் இந்த சாமி. கண்ணுக்கு வேற எடம் பாக்கணும்" என்றார்.

அப்புறம்தான் இரண்டு பக்கத்துக் கதையும் வெளியே வந்தது. முதலில் காந்தாவின் கதை. போன மாதம் அவர் முடித்த அரக்குச் சேலையில், கரைக்குப் பக்கத்தில் ஒரு இழை விட்டுப்போயிருந்தது. அவருக்கே தெரியும், சரிசெய்துகொள்ளலாம் என்று வைத்திருந்தார். அதற்குள் இவர் வந்து கழியில் போடச் சொல்லி, இரண்டு முறை பார்த்து, பாத்த வரைக்கும் ஒண்ணும் தெரியல என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். காந்தா ஒன்றும் பேசாமல் அந்த இழையைக் கோத்து முடித்தார். அதற்குப் பிறகுதான் கழுத்து வலி. எல்லாம் தெரிந்துகொண்டே பத்து நாளாக எண்ணெய் தேய்த்திருக்கிறார். ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டேன். அவராகச் சொல்லட்டும் என்று இருந்ததாகச் சொன்னார்.

அடுத்தது இவருடைய கதை. கழுத்து வலி தொடங்கிய அன்றைக்கு ஒரு பண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முனைத் தகட்டில் எண் பொறித்த இடத்தில் ஒரு மங்கல் தெரிந்திருக்கிறது, பூஞ்சை படர்ந்தது போல. குறித்துக்கொண்டு அடுத்ததைப் பார்த்தார். அதிலும் அதே இடத்தில். மூன்றாவதிலும் அதே இடத்தில். மூன்று பண்டலுக்கும் ஒரே இடத்தில் ஒரே குறை வராது. அது பண்டலில் இருக்கும் குறையே இல்லை. கேமராவை மேலே எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்கள். மங்கல் போகவில்லை. திரையைத் துடைத்தார்கள். போகவில்லை. சாதாரணமாகக் கேட்பது போல மணிவண்ணனிடம் என்ன தெரிகிறது என்று கேட்டார். அவர் எண்ணைத் தடங்கலில்லாமல் படித்துவிட்டார். பிறகு, யாரும் பார்க்காதபோது, இவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், அடுத்து மறு கண்ணை. வலக்கண்ணால் பார்த்தால் மட்டும் மங்கல். திரையில் எந்த மூலையைப் பார்த்தாலும் அங்கே வந்து உட்கார்ந்தது.

"கண்ணுல புரைதானே சார்னு நீங்க சொல்லிடுவீங்க. எடுத்துட்டா சரியாப்பூடும். அது எனுக்கும் தெரியும்" என்றார் என்னிடம். அவரை அரித்தது அது இல்லை. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் நாற்காலி போய்விடும். ஆபரேஷன், ஓய்வு, மறுபரிசோதனை என்று மாதங்கள் ஓடிவிடும். ஓய்வு பெற ஒன்றரை வருஷம்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு இவரைக் கூப்பிட்டு மறுபடி குளத்தருகே யார் உட்கார வைக்கப் போகிறார்கள்? காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேசையைக் காட்டுவார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வார். தாங்க முடியாதது இன்னொன்று.

"தீவாளிக்கப்புறம் நூத்தி நாப்பது பண்டலு நான் பாத்து கையெழுத்துப் போட்டிருக்கேன். கண்ணு போச்சுன்னு எழுதிக் குடுத்தா அத்தனையும் இன்னொருத்தரு திருப்பிப் பாப்பாங்க. இருவத்தாறு வருஷத்துல நான் பாத்தத ஒருத்தரும் திருப்பிப் பாத்ததில்ல சார்."

எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. இரண்டாவது முறை பார்க்காமல் தரைத்தொட்டியைக்கூட நம்பாத மனிதர், தன் நூற்று நாற்பதை மட்டும் ஒருத்தரும் பார்க்கக் கூடாது என்கிறாரே என்று. அவற்றில் ஒன்றில் முடி பருமனில் ஏதாவது இருந்து, இவருக்குத் தெரியாமல் போயிருந்தால்? கேட்கத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க மனசு வரவில்லை. அந்தக் கேள்வியை அவர் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

காந்தா சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். தறியில் பாவு இழைகளை வரிசைப்படுத்திப் பிடிக்கும் அச்சு என்று ஒன்று உண்டு, பார்க்க நீளமான சீப்பு மாதிரி இருக்கும். அதில் ஒரு பல் வளைந்துவிட்டால் சேலை நெடுக அதே இடத்தில் கோடு விழும். புதிதாக நெய்கிறவர்கள் நூலைக் குறை சொல்லி, நூலை மாற்றி, மறுபடி கோடு விழுந்து திண்டாடுவார்கள். அதைத்தான் அவர் எடுத்துச் சொன்னார். "ஒரே எடத்துல திரும்பத் திரும்ப வந்தா குத்தம் அச்சுல. அச்சக் கழட்டித்தான் ஆவணும். அது வரைக்கும் நெய்ஞ்சத வெளிச்சத்துல புடிச்சுத்தான் ஆவணும். இது ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு சம்பந்தம், வர வியாழக்கிழமை கண் டெஸ்ட் இருக்கிறது, அது என்ன சொல்கிறதோ அதன்படி ஆகட்டும் என்றார். காந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். அந்த அட்டை என்ன சொல்லும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மழை பெய்தது, மிளகு இல்லை, கோழிகள் நனைந்தன. கண்ணைக் கட்டிவிட்டால்கூட அவர் சொல்லிவிடுவார். அந்த அட்டையிடம் தீர்ப்பை விடுவது என்றால், தப்பித்துக்கொள்ள வழி வைத்துக்கொள்வது என்றுதான் அர்த்தம்.

வியாழக்கிழமை காலை அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். துணைக்கு வரச் சொல்லவில்லை, "எழுதறவரு வந்து பாக்க வாணாமா" என்று மட்டும் கேட்டார். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி சலவை வேட்டி. அவர்கள் வீட்டைக் கடந்தபோது காந்தா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கழியில் ஒரு மயில்கழுத்து நிறச் சேலை போட்டபடி இருந்ததை நான் பார்த்தேன். முடித்து இரண்டு நாளாகிறதாம். இன்னும் சொசைட்டிக்குப் போகவில்லை.

மருத்துவமனையில் எங்களுக்கு முன் நான்கு பேர். வழக்கமாக அப்படி உட்காரும் நேரத்தில் சம்பந்தம் சுவரில் தொங்கும் காலண்டர் கோணலாக இருப்பதைச் சொல்லுவார், மின்விசிறியின் எந்த இறக்கை ஆடுகிறது என்று சொல்லுவார். அன்றைக்கு எதையும் சொல்லவில்லை. காலண்டர் நிஜமாகவே கோணலாகத்தான் இருந்தது.

அட்டை படிக்க வைக்கும் பெண்ணின் பெயர் துர்காதேவி. பத்து வருஷமாக அங்கே இருக்கிறாள், சம்பந்தத்தின் மேல் அவளுக்குத் தனி மரியாதை. எழுத்துக் கூட்டத் திணறாமல் கடகடவென்று படிப்பவர் அவர் ஒருவர்தான் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். தூரத்து எழுத்து முடிந்தது. அது பெரிய எழுத்து, தடங்கல் இல்லை. அட்டையை எடுத்து நீட்டியபோதே அவளுடைய மறு கையில் பேனா தயாராக இருந்தது, படிவத்தில் வலக்கண் கட்டத்துக்கு மேலே நின்றது.

"கடைசி பாரா மட்டும் போதும் சார். கோழி நனைஞ்சுக்கினு இருக்குதான்னு மட்டும் சொல்லிடுங்க, டிக் போட்டுடறேன்" என்று சிரித்தாள்.

சம்பந்தமும் சிரித்தார். அட்டையை வாங்கவில்லை. எழுந்து நின்று சட்டைப் பைக்குள் கையை விட்டார். பேனா. சீப்பு. கைப்பேசி. சாவி. மாத்திரை அட்டை. ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார். "அஞ்சு" என்றார். நானும் "அஞ்சு" என்றேன். கண்ணாடிக் கயிற்றைப் பின்னந்தலையில் இழுத்து முடிச்சுப் போட்டார். துர்காதேவி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

பிறகு உட்கார்ந்து அட்டையை வாங்கினார். குழல் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "எனுக்கு இது மனப்பாடம்மா. நீ எந்த எழுத்தத் தொட்டுக் காட்றியோ அத மட்டும் சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டு அட்டையைத் தலைகீழாகத் திருப்பி அவளுடைய விரலுக்கு எதிரே பிடித்துக்கொண்டு, உள்ளங்கையால் இடக்கண்ணை இறுகப் பொத்தினார்.